ஞாயிறு மாலை மண்டபத்துக்கு வாருங்கள்

அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம். போன வாரம் நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சுற்றிய 'பிள்ளை பிடிக்கும் வெள்ளை வேன்' படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? வேனின் நம்பர் பிளேட்டே நம் நாட்டுடையது இல்லை. பின்னால் தெரியும் கடைப் பலகையில் ஒரு மலாய்ச் சொல்கூடக் கிடையாது. அதைக் கவனிக்காமல் மூன்று குழுக்களுக்குத் தள்ளிவிட்டவன் நானும்தான். தோட்டத்து லயத்தில் ஒரு பாட்டி மறுநாள் பேரனைப் பள்ளிக்கே அனுப்பவில்லை.

அப்போதுதான் ஆலன் மில்லர் ஞாபகத்துக்கு வந்தார். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழின் முன்னாள் புலனாய்வு நிருபர். 45 விமானிகளின் சாவோடு தொடர்புள்ள ஹாரியர் போர் விமானத்தைத் துருவி எழுதி, சக நிருபருடன் 2003-இல் புலிட்சர் பரிசு வாங்கியவர். மகளின் பள்ளியில் ஒருநாள் பேசப் போனவர், 2008-இல் செய்தியில் உண்மை எது, பொய் எது என்று பிரித்துப் படிக்கக் கற்றுத்தரும் அமைப்பையே தொடங்கிவிட்டார்.

நாமும் கொஞ்சம் பழகுவோம். மாலை 4 மணி, கோயில் மண்டபம். சொற்பொழிவு இல்லை, பயப்படாதீர்கள். படத்தின் மூலத்தைத் தேடுவது எப்படி, செய்தி உண்மையா என்று பார்க்க உதவும் மலேசிய அரசுத் தளமான செபெனார்ஞா.மை-யில் (sebenarnya.my) சரிபார்ப்பது எப்படி, அவ்வளவுதான். கைப்பேசிக்கு வீட்டிலேயே சார்ஜ் போட்டுவிடுங்கள். மண்டபத்தில் இரண்டே பிளக். வடை உண்டு. மைலோ குடிக்கும் பிள்ளைகள் கப் கொண்டுவரட்டும்.