கேட்ரிட்ஜைத் திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அட்டாலியைச் சுத்தம் செய்யும்போது பழைய கேம்பாய் (நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி) கிடைத்தது, கேம் ஓடுகிறது, ஆனால் விளையாடியதன் பதிவான சேவ் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். கோவையில் இருப்பவர்கள் நேரில் வருகிறார்கள். திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோபி பக்கத்திலிருந்து கூரியரில் அனுப்புகிறார்கள். எல்லோரிடமும் நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கேம் அடங்கிய சிறு பெட்டியான கேட்ரிட்ஜைக் கொடுக்கும்போதே, அதற்குள் இருக்கும் பழைய சேவ் உங்களுக்கு வேண்டுமா என்று சொல்லிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகு கேட்டால் எங்களாலும் தர முடியாது, வேறு யாராலும் தர முடியாது.

காரணம் இதுதான். கேம் எழுதப்பட்டிருக்கும் சிப்புக்கு மின்சாரம் தேவையில்லை. அது பாட்டுக்கு இருக்கும். நீங்கள் விளையாடிச் சேர்த்ததெல்லாம் எஸ்ராம் எனப்படும் வேறொரு சிப்பில் இருக்கிறது. மின்சாரம் நின்றால் அதில் உள்ளது போய்விடும். கேம்பாய் ஓடும்போது அதற்கு வேண்டிய மின்சாரம் கேம்பாயிலிருந்தே கிடைக்கிறது. அணைத்த நொடியிலிருந்து கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல்தான் அதைக் காக்கிறது. அதனால்தான் பேட்டரி தீர்ந்த கேட்ரிட்ஜில் விளையாடும்போது எந்தக் குறையும் தெரியாது. சேவ் ஆனதாகவே காட்டும். மறுநாள் காலையில் போட்டால் புது ஆட்டம் தொடங்கவா என்று கேட்கும்.

போக்கிமான் கோல்டு, சில்வர் கேட்ரிட்ஜுகள் இதில் சீக்கிரம் கையை விரிப்பவை. 1999இல் ஜப்பானில் வெளிவந்த இந்த கேம்களில் இரவு பகல் மாறும், கிழமை மாறும். அந்தக் கடிகாரம் ஓடுவதும் அதே செல்லில்தான். சேவ் பதிவை மட்டும் காக்கும் செல் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். கடிகாரத்தையும் சேர்த்துச் சுமப்பது முன்னதாகவே தீரும்.

சேவ் வேண்டும் என்றால் நாங்கள் செய்வது இது. திருகைத் தொடுவதற்கு முன்பே, கேட்ரிட்ஜைப் படிக்கும் ரீடர் கருவியில் அதைச் செருகி, சேவ் பதிவைக் கணினியில் நகல் எடுக்கிறோம். கோல்டு கேமின் முழு சேவும் வெறும் 32 கிலோபைட்தான். ஒரு பையன் பத்து வயதில் தன் போக்கிமான்களுக்கு வைத்த பெயர்கள் எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. அதை அலட்சியமாகக் கையாள எங்களுக்கு மனம் வருவதில்லை. நகல் சரியாக வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகே பேட்டரியை மாற்றி, சேவ் பதிவைத் திரும்ப ஏற்றுகிறோம். கோல்டு, சில்வரில் மணியையும் கிழமையையும் மட்டும் நீங்கள் மறுபடி வைத்துக்கொள்ள வேண்டும். நகல் எடுப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. கோப்பை உங்களுக்கும் அனுப்பிவைக்கிறோம். செல் ஏற்கெனவே முழுவதும் தீர்ந்திருந்தால் நகல் எடுக்க உள்ளே எதுவும் இருக்காது. ஆகவே சேவ் இன்னும் நிற்கும்போதே கொண்டுவாருங்கள்.

வீட்டிலேயே மாற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சமீபத்தில் வந்த ஒரு கேட்ரிட்ஜில் செல்லின் முதுகிலேயே நேராக ஈயம் வைத்திருந்தார்கள். செல் உப்பி, பின்மூடியை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. லித்தியம் செல் மீது சால்டரிங் அயர்னை வைப்பது ஆபத்து. சூட்டில் அது வெடிக்கலாம். இணைப்புக்கான உலோகப் பட்டைகள் வெல்டு செய்யப்பட்டே வரும் செல்கள் விற்கின்றன, அவற்றைத்தான் வாங்க வேண்டும். பழைய பட்டைகளுக்கு நடுவே புது செல்லைச் செருகி டேப் ஒட்டுவதும் நிலைக்காது. கேட்ரிட்ஜ் ஒருமுறை கீழே விழுந்தால் தொடர்பு விட்டு சேவ் போய்விடும். அளவும் முக்கியம். சிஆர்2025 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்1616 என்றால் 16 மில்லிமீட்டர், 1.6 மில்லிமீட்டர். உள்ளே என்ன இருந்ததோ அதையே போடுகிறோம். அதிக நாள் வரும் என்று தடித்த செல்லைத் திணித்து மூடியை அழுத்தித் திருகுவதில்லை.

சேவ் போவதற்கெல்லாம் பேட்டரிதான் காரணம் என்றும் இல்லை. விளையாடிக்கொண்டிருக்கும்போதே கேம் உறைந்துபோனாலோ, சில நேரம் தொடங்கி சில நேரம் தொடங்காமல் இருந்தாலோ, முதலில் அடிப்பக்கத் தங்க நிறப் பட்டைகளைப் பாருங்கள். ஆடிக் காற்றின் ஈரம் ஏறும் பொள்ளாச்சிப் பக்கத்து வீடுகளிலிருந்து வருபவற்றில் பச்சை பூத்திருக்கிறது. திருப்பூரிலிருந்து வருபவற்றில் பஞ்சுத் தூசி அடைந்திருக்கிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் போட்டால் பாதிக் கவலை தீரும். வாயால் ஊத வேண்டாம். எச்சில் ஈரம் பட்டைகளை அரிக்கும்.

கேம்பாய் அட்வான்ஸில் போக்கிமான் ரூபி, சஃபையர், எமரால்டு வைத்திருப்பவர்கள், உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. அவற்றில் சேவ் இருப்பது மின்சாரம் இல்லாமலும் பதிவைக் காக்கும் ஃபிளாஷ் சிப்பில். செல் தீர்ந்தாலும் போகாது. கடிகாரம் மட்டும்தான் நிற்கும், கேமுக்குள் நடும் பெர்ரிச் செடிகள் வளராது. செல்லை மாற்றினாலும் பழைய சேவில் நேரம் சார்ந்தவை உடனே நடக்காமல் போகலாம் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். போக்கிமான் ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் செல்லே கிடையாது. 1989இல் வந்த சூப்பர் மாரியோ லேண்டில் சேவ் வசதியே இல்லை. அதைப் பழுது என்று எண்ணி அனுப்பிவைக்க வேண்டாம்.

போலி கேட்ரிட்ஜுகளையும் பார்க்கிறோம். ஆனால் அவற்றின் உள்ளமைப்பு ஆளுக்கொரு விதம் என்பதால், சேவ் நிற்கும் என்று முன்கூட்டி உறுதி தர முடியாது. திறந்து பார்த்து, முடியாது என்றால் முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறோம்.

கூரியரில் அனுப்புபவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் கேமின் பெயர், கடைசியாக எப்போது சேவ் நின்றது, பழைய சேவ் வேண்டுமா என்ற மூன்றையும் எழுதி, கேட்ரிட்ஜோடு சேர்த்து மடித்துவையுங்கள். கேம்பாயை அனுப்ப வேண்டியதில்லை, கேட்ரிட்ஜ் போதும்.

அன்புடன்,
பழுதுபார்க்கும் பிரிவு,
கோயம்புத்தூர்