கடை வழங்கும் பரிசு அட்டைக்கும் விதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி, திருமணம், புதுமனை புகுவிழா என எல்லா விசேஷங்களிலும் மொய்க் கவரின் இடத்தைக் கிஃப்ட் கார்டு எனப்படும் பரிசு அட்டை பிடித்துவருகிறது. ஆனால், அந்த அட்டையை வெளியிட்டது வங்கியா, ஜவுளிக்கடையா என்பதைப் பொறுத்து அதை வைத்திருப்பவரின் உரிமையே மாறிவிடுகிறது.

வங்கிகளும் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களும் வழங்கும் பரிசு அட்டை, 2021 ஆகஸ்டில் வெளியான வழிகாட்டுதல்களின்படி, குறைந்தது ஓராண்டு செல்லுபடியாக வேண்டும். கெடு முடிவதற்கு முந்தைய 45 நாட்களில் வாடிக்கையாளருக்கு நினைவூட்ட வேண்டும். காலாவதியான பின்னரும் மூன்றாண்டுகளுக்கு மீதித் தொகையை நிறுவனம் தன் லாபக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது. ஒரு கடை தன் கிளைகளில் மட்டுமே செல்லும்படி வெளியிடும் அட்டைக்கோ இவை எதுவும் பொருந்தாது. ஆகவே ஆறு மாதக் கெடு, ஒரே பில்லில் முழுத் தொகைக்கும் வாங்க வேண்டும், தள்ளுபடி விற்பனையில் செல்லாது என்று கடைக்காரர் தம் விருப்பப்படி நிபந்தனை விதிக்கிறார். பணம் முன்பே கல்லாவில் சேர்ந்துவிட்ட நிலையில், அட்டை பயன்படாமல் போனால் நட்டம் அவருக்கில்லை.

இவற்றில் எனக்கு விசித்திரமாகப் படுவது, பிறருக்கு மாற்றக்கூடாது என்னும் நிபந்தனை. இன்னொருவருக்குக் கொடுப்பதற்கென்றே விற்ற பொருளல்லவா அது! இதனால், வேண்டாத அட்டையைச் சற்றுக் குறைந்த விலைக்கு விற்க நினைப்பவர் கடையின் துணையின்றியே விற்க வேண்டியிருக்கிறது. வாங்குபவருக்கோ, அதன் ரகசிய எண் முன்பே பயன்படுத்தப்பட்டதா என்று அறிய வழியில்லை; ஏமாந்தால், விற்றவர் வணிகர் அல்லர் என்பதால் நுகர்வோர் ஆணையத்தை நாடுவதும் எளிதன்று.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தங்களை எதிர்க்க இடமளிக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் அத்தகைய புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க இயலாது. மாநில ஆணையத்துக்கோ தேசிய ஆணையத்துக்கோதான் செல்ல வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் அட்டைக்காகத் தருமபுரியிலிருந்து சென்னைக்கு யார் அலைவார்கள்?

உணவகங்களின் சேவைக் கட்டணம் குறித்து 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இதிலும் தலையிட வேண்டும். ஓராண்டுச் செல்லுபடி, தொகையைப் பகுதி பகுதியாகச் செலவிடும் வசதி, அட்டையைக் கைமாற்றும் உரிமை ஆகிய மூன்றையும் கடை அட்டைகளுக்கும் கட்டாயமாக்குவதோடு, கெடு தேதியை அட்டையின் முன்பக்கத்திலேயே, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடவும் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தருமபுரி.