பாதி வசனத்தோடு நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இள வயதில் ஒருவர் இறந்தால், 'பாவத்தின் சம்பளம் மரணம்' என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். துக்க வீட்டிலேயே இதைக் கேட்க நேர்வது கொடுமை. பைபிளில் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் (கடிதத்தில்) வரும் அந்த வசனம், ரோமர் 6:23, அந்த இடத்தில் முடியவில்லை. 'தேவனுடைய கிருபைவரமோ நம்முடைய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவினால் உண்டான நித்தியஜீவன்' என்று தொடர்கிறது. சம்பளம் உழைத்துப் பெறுவது, வரம் இலவசம். பவுல் அந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறார். முதல் பாதியும் இறந்துபோன ஒருவரைச் சுட்டிச் சொன்னதல்ல, மனிதர் எல்லாருடைய நிலையையும் பற்றியது. அதே நிருபம் 3:23-இல் 'எல்லாரும் பாவஞ்செய்து' என்கிறது. அதில் குற்றம் சொல்பவரும் அடக்கம்தானே!

எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுத்தார் (லூக்கா 13). கேட்டவர்களையே மனந்திரும்பச் சொன்னார். பிறவிக் குருடனைப் பார்த்து 'யார் செய்த பாவம்?' என்று சீடர்கள் கேட்டபோதும், அவனுமல்ல, பெற்றோருமல்ல என்றார். இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் அவர் அழுதார், அவனை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும்.

நித்தியஜீவன் சாவுக்குப் பிறகு மட்டும் கிடைப்பதும் அல்ல. விசுவாசிக்கிறவன் இப்போதே மரணத்தைவிட்டு ஜீவனுக்குட்பட்டிருக்கிறான் என்கிறது யோவான் 5:24. அடக்க ஆராதனை நடத்தும் போதகர்கள் தயவுசெய்து வசனத்தின் இரண்டாம் பாதியையும் உரக்க வாசியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்