முதலில் படியுங்கள், வடிவத்தைப் பிறகு கேளுங்கள்: ஆய்விதழ் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, பதிப்பகத்தாரே,

வணக்கம். நான் பல வருடங்களாக ஆய்வுக் கட்டுரைகள் எழுதி வருகிறேன். என்னிடம் ஆய்வு செய்யும் மாணவர்களின் கட்டுரைகளை இதழ்களுக்கு அனுப்பத் தயார் செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி. கேட்கும் இதழ்களுக்கு மதிப்பாய்வும் செய்து தருகிறேன். அனுப்புகிற இடத்திலும் இருந்திருக்கிறேன், படித்துக் கருத்துச் சொல்கிற இடத்திலும் இருந்திருக்கிறேன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்வதற்கு முன்னால், அதை உங்கள் இதழின் வடிவத்துக்கு மாற்றித் தரச் சொல்லாதீர்கள்.

அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். என் மாணவி ஒருவரின் முதல் கட்டுரை, மூன்று வருட உழைப்பு. முதலில் அனுப்பிய இதழ் மதிப்பாய்வுக்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சரி, அது நடப்பதுதான். மதிப்பாய்வாளர்கள் சொன்னதில் நியாயமானவற்றைத் திருத்திவிட்டு, இரண்டாவது இதழின் வழிகாட்டிப் பக்கத்தைத் திறந்தோம். முதல் இதழில் மேற்கோளுக்கு, அதாவது சான்றாகக் காட்டும் பிறர் கட்டுரைகளைக் குறிப்பதற்கு, ஆசிரியர் பெயரும் வருடமும் கேட்டார்கள். இங்கே எண் வேண்டும். மொத்தம் 63 மேற்கோள்கள். இதழ்களின் பெயரைச் சுருக்க வேண்டும், தொகுதி எண் தடித்த எழுத்தில் வர வேண்டும், ஆறு ஆசிரியர்களுக்கு மேல் இருந்தால் மூன்று பேரோடு நிறுத்த வேண்டும். படங்களைக் கட்டுரையிலிருந்து பிரித்தெடுத்துத் தனித்தனி டிஃப் (TIFF) படக் கோப்பாக, அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் தர வேண்டும். அட்டவணைகள் கடைசியில் வர வேண்டும். ஆய்வுச் சுருக்கத்தை நான்கு தலைப்புகளாகப் பிரித்து, 250 சொற்களுக்குள் அடக்க வேண்டும்.

அவருடைய சுருக்கம் 267 சொற்கள். 17 சொற்களை எங்கிருந்து எடுப்பது? நோக்கத்தில் கை வைக்க முடியாது, முறையில் முடியாது, முடிவில் முடியவே முடியாது. கடைசியில் போனது, மாதிரிகள் எல்லாம் ஒரே இடத்தில் எடுத்தவை, ஆகவே இந்த முடிவை எல்லா இடத்துக்கும் பொருத்திவிடக் கூடாது என்று அவரே எச்சரித்திருந்த வாக்கியம். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அந்த எச்சரிக்கை இனிக் கிடைக்காது. ஒப்புக்கொண்டு வெட்டியதில் எனக்கும் பங்கு உண்டு, அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அனுப்பிப் பதினோரு நாள் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. காரணம், 41-ஆம் மேற்கோளில் பக்க எண் இல்லை. அந்தக் கட்டுரைக்குப் பக்க எண்ணே கிடையாது. இணையத்தில் மட்டும் வரும் பல இதழ்களைப் போல அதற்கும் கட்டுரை எண் மட்டும்தான். அதை விளக்கி எழுதி, மறுபடி அத்தனை கோப்புகளையும் ஏற்றினோம். நான்காம் நாள் பதில் வந்தது: இந்தக் கட்டுரை எங்கள் இதழின் பரப்புக்குள் வராது, மதிப்பாய்வுக்கு அனுப்பவில்லை.

பரப்புக்குள் வருமா வராதா என்பது தலைப்பைப் பார்த்தாலே தெரியும். சுருக்கத்தையும் சேர்த்துப் படித்தால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் பதினைந்தாம் நாள் கிடைத்தது. அதற்கு முன்னால் ஒரு மாணவி இரண்டு நாள் முழுக்க உட்கார்ந்து காற்புள்ளிகளை அரைப்புள்ளிகளாக மாற்றிக்கொண்டிருந்தார்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை. 41 நாடுகளைச் சேர்ந்த 372 ஆய்வாளர்களிடம் கேட்டுத் தொகுத்த ஓர் ஆய்வு 2019-இல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. ஒரு கட்டுரையின் வடிவமைப்புக்கு மட்டும் இடைநிலை அளவாக 14 மணி நேரமும், ஒரு வருடத்தில் ஒருவருக்கு 52 மணி நேரமும் போகின்றன என்று அதில் கண்டார்கள். ஒரு முழு வார வேலையைத் தாண்டுகிற நேரம். ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்ற விதி நியாயமானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விதி இருப்பதால்தான் ஒவ்வொரு நிராகரிப்புக்குப் பிறகும் வடிவமைப்பு வேலை முதலிலிருந்து தொடங்குகிறது. பெரிய ஆய்வகங்களில் இதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். தனியாக ஆய்வு செய்கிற மாணவருக்கு யார் இருக்கிறார்கள்?

நேரம் போவதை விட எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கட்டுரைக்குள் பிழை நுழைகிறது. உங்கள் சமர்ப்பிப்புத் தளங்கள் பலவற்றில் சுருக்கத்தை ஒரு கட்டத்துக்குள் ஒட்டச் சொல்கிறீர்கள். அது வெறும் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் கட்டமாக இருந்தால், மேலே ஏற்றி எழுதிய எண் கீழே இறங்கிவிடும். ஒரு மில்லி லிட்டரில் 10⁶ செல்கள் என்று வேர்டு கோப்பில் இருப்பது, அந்தக் கட்டத்தில் 106 செல்கள் என்று நிற்கும். பத்து லட்சம் நூற்றாறு ஆகிவிடுகிறது! இதை நான் ஒரு தடவை அல்ல, பல தடவை கடைசி நிமிடத்தில் பிடித்திருக்கிறேன். பிடிக்காமல் விட்டது எத்தனை என்று எனக்கு எப்படித் தெரியும்? அட்டவணையை ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது ஒரு நெடுவரிசை முழுக்க ஒரு வரி கீழே இறங்கிப் போவதும், கழித்தல் குறி வரி முடிவில் தனியாக நின்று எண்ணைப் பிரிவதும் இதே வகைதான். துல்லியத்துக்காக நீங்கள் வைத்த விதிகளே துல்லியத்தைக் கெடுக்கின்றன.

‘மேற்கோளுக்குத்தான் மென்பொருள் இருக்கிறதே, ஒரு க்ளிக்கில் பாணி மாறிவிடுமே’ என்று சொல்வீர்கள். ஜொடேரோ என்ற அப்படிப்பட்ட மென்பொருளை நான் தினமும் பயன்படுத்துகிறேன், அது இல்லாமல் இருந்த காலத்தை நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் இணையத்திலிருந்து இழுத்த விவரங்கள் சுத்தமாக இருந்தால்தான் அந்த க்ளிக் வேலை செய்யும். ஒரு கட்டுரையின் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வந்திருக்கும். உயிரினப் பெயரின் சாய்வெழுத்து காணாமல் போயிருக்கும். இணை ஆசிரியர் ஒருவர் தன் கணினியில் திருத்தி அனுப்பிய பிரதியில் மேற்கோள்கள் எல்லாம் இணைப்பு அறுந்து வெறும் எழுத்தாக நிற்கும். அப்புறம் கையால்தான் சரி செய்ய வேண்டும். மேற்கோள் பாணிகளைச் சேர்த்து வைக்கும் சிஎஸ்எல் என்ற திறந்த களஞ்சியத்தில் 10,000-க்கும் மேற்பட்ட பாணிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை வேறொரு பாணியையே சுட்டுகின்றன என்றாலும், தனித்தனியாக எழுதப்பட்டவையே ஆயிரத்தைத் தாண்டும். வருடத்தை அடைப்புக்குள் போடுவதா வெளியே போடுவதா என்பதற்கு இத்தனை விடைகள் தேவையா?

இந்தச் சிக்கலை உங்கள் முன்னோர்களே ஒரு முறை தீர்க்கப் பார்த்தார்கள். 1978-இல் பொது மருத்துவ இதழ்கள் சிலவற்றின் ஆசிரியர்கள் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினார்கள். அது தட்டச்சு இயந்திரக் காலம். இதழ் மாறினால் கட்டுரையை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். அந்தத் தொல்லையைக் குறைக்க எல்லோருக்கும் பொதுவான விதிகளை வகுத்து, 1979-இல் வெளியிட்டார்கள். இந்த விதிகளின்படி தயாரித்த கட்டுரையை, பாணியைக் காரணம் காட்டி, பரிசீலிக்கும் முன்பே திருப்பி அனுப்ப மாட்டோம் என்ற உறுதியும் அதில் இருந்தது. வான்கூவர் பாணி என்று நாம் இன்று சொல்லும் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அந்தப் பெயரை உங்கள் வழிகாட்டிப் பக்கங்களில் அடிக்கடி பார்க்கிறேன். அந்த உறுதியை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

மதிப்பாய்வாளருக்குப் படிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் இந்த விதிகள் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மதிப்பாய்வாளனாகச் சொல்கிறேன், எனக்கு அது வசதியாக இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் ‘படம் 4-ஐப் பார்க்க’ என்று இருக்கும். படம் முப்பத்தோராம் பக்கத்தில். அதன் விளக்கம் இருபத்தேழில். மூன்று இடத்துக்கும் மாறி மாறிப் போய் வருவதற்குள் வாதம் கைவிட்டுப் போய்விடுகிறது. படத்தைப் பற்றிப் பேசுகிற இடத்திலேயே படம் இருந்தால் போதும். இரட்டை வரி இடைவெளியும் அப்படித்தான், வரிகளுக்கு நடுவே பேனாவால் திருத்தம் எழுதிய காலத்தில் அதற்கு அவசியம் இருந்தது.

எல்லா விதிகளையும் எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பக்க எண்ணும் வரி எண்ணும் கட்டாயம் வேண்டும். அவை இல்லாமல் நான் எந்த வரியைக் குறிப்பிட்டுக் கேள்வி கேட்பது? பெயர் தெரியாமல் நடக்கும் மதிப்பாய்வென்றால், கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் ஆசிரியர் பெயர் உட்பட எல்லாவற்றையும் நீக்கச் சொல்லுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி, பணம் எங்கிருந்து வந்தது, தரவு எங்கே கிடைக்கும் ஆகியவற்றை முதல் நாளே கேளுங்கள். சிகிச்சைகளை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வுக்குக் கன்சார்ட் என்ற சரிபார்ப்புப் பட்டியலும், முந்தைய ஆய்வுகளை முறையாகத் தேடித் தொகுக்கும் மீளாய்வுக்குப் பிரிஸ்மா என்ற பட்டியலும் கேட்பதில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். அவை கட்டுரையின் தோற்றத்தைப் பற்றியவை அல்ல. என்ன செய்தார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதைப் பற்றியவை. அவற்றை நிரப்பும்போது எங்கள் கட்டுரைகள் மேம்பட்டிருக்கின்றன. காற்புள்ளியை மாற்றியதால் எந்தக் கட்டுரையும் மேம்பட்டு நான் பார்த்ததில்லை.

நடைமுறையில் முடியாத ஒன்றையும் நான் கேட்கவில்லை. எல்செவியர் பதிப்பகம் 2011-இல் தன் இதழ் ஒன்றில், முதல் சமர்ப்பிப்புக்கு எந்த வடிவமும் சரி என்று அறிவித்தது. பிறகு அதைப் பல இதழ்களுக்கு விரித்தது. வேறு பதிப்பகங்களும் அதே வழியில் வந்திருக்கின்றன. ஏற்றுக்கொண்ட கட்டுரையைப் பெரிய பதிப்பகங்கள் எப்படியும் எக்ஸ்எம்எல் என்ற, கணினி படிக்கும் குறியீட்டு வடிவத்துக்கு மாற்றித்தான் பக்கம் அமைக்கின்றன. நாங்கள் கண் வலிக்கத் தடிப்பாக்கிய தொகுதி எண் அந்த இடத்தில் வெறும் தரவாகிவிடுகிறது. மேற்கோளுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண் இருந்தால், ஆசிரியர் பெயர் முதல் தொகுதி எண் வரை, அந்த எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் பதிவிலிருந்தே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

சம்பளமே இல்லாமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு இதழ்களை நான் மறக்கவில்லை. அங்கே பக்கம் அமைக்க ஆள் கிடையாது, கட்டுரை ஒழுங்காக வந்தால்தான் இதழ் வெளிவரும். அவர்களும் அதை ஏற்றுக்கொண்ட பிறகு கேட்கலாம். வெளிவரப் போகிறது என்று தெரிந்த கட்டுரைக்கு யார்தான் உட்கார்ந்து வேலை செய்ய மாட்டார்கள்? என் மாணவியிடம் அப்படிக் கேட்டிருந்தால் அன்று இரவே முடித்துக் கொடுத்திருப்பார்.

இப்போது அவர் மூன்றாவது இதழின் வழிகாட்டிப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். இதில் மறுபடி பெயரும் வருடமும். சுருக்கத்துக்கு 300 சொற்கள் வரை இடம் இருக்கிறது, அந்த எச்சரிக்கை வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டோம்.

உங்கள் அடுத்த ஆசிரியர் குழுக் கூட்டத்தில் இந்த மடலை ஐந்து நிமிடம் எடுத்துப் பேசுங்கள். வழிகாட்டிப் பக்கத்தின் முதல் வரியாக, உங்கள் சொற்களிலேயே, இப்படி ஒன்றை எழுதுங்கள்: ‘பக்க எண்ணும் வரி எண்ணும் உள்ள ஒரே பிடிஎஃப் கோப்பாக, படங்கள் உரிய இடத்தில் இருக்க, மேற்கோள்கள் எந்தப் பாணியிலும் முழு விவரத்தோடு இருக்கும்படி அனுப்பினால் போதும். எங்கள் வடிவத்தைக் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு கேட்போம்.’

அன்புடன்,
உங்களுக்கு எழுதியும் உங்களுக்காகப் படித்தும் வரும் ஓர் ஆய்வாளர்