வாந்திபேதி பரவினால் முதல் இரண்டு நாளில் பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் பள்ளியிலோ விடுதியிலோ கல்யாண விருந்துக்குப் பிறகோ பலருக்கு ஒரே சமயத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டால், சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம். இதற்குக் காரணமாக இருக்கக்கூடிய, எளிதில் பரவும் நோரோவைரஸ் என்னும் குடல் வைரஸ் தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் நோயைக் காட்டி, பெரும்பாலும் மூன்று நாளுக்குள் அடங்கிவிடும் என்பதால், மலமாதிரி எடுக்க ஆள் வருவதற்குள் நோயாளிகள் எழுந்து நடமாடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் அதன் பிறகும் இரண்டு வாரம் வரை, சிலருக்கு இன்னும் கூடுதலாக, மலத்தில் வைரஸ் வெளியேறும்.

கேரளத்தில் 2021இல் வயநாட்டிலும் 2022இல் நம் எல்லையை அடுத்த விழிஞ்ஞத்திலும் இந்த வைரஸ் ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்டது. களியக்காவிளை வழியாக நாள்தோறும் இத்தனை பேர் போய்வரும் நாம் இதை அயலூர்ச் செய்தியாகக் கருதுவது சரியல்ல.

கோவிட் காலத்தில் பார்த்த அட்டையைப் போலவே, சிறிது மலமாதிரியைக் கொண்டு அரை மணி நேரத்துக்குள் முடிவு சொல்லும் துரிதப் பரிசோதனை அட்டைகள் நோரோவைரஸுக்கும், குழந்தைகளுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ரோட்டாவைரஸுக்கும் உள்ளன. நோரோவைரஸைப் பொறுத்தவரை தனி ஒருவருக்கு இவை போதுமானவை அல்ல. கோடு விழவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரே இடத்தில் நோயுற்ற ஐந்தாறு பேரின் மாதிரிகளைச் சோதிக்கும்போதுதான் பயன் தெரியும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011இல் வைரஸின் புரதத்தைக் கண்டறியும் முதல் நோரோவைரஸ் ஆன்டிஜன் பரிசோதனையை அனுமதித்ததும் இத்தகைய கூட்டுப் பரவலுக்காகத்தான். அட்டையின் முடிவை, வசதியுள்ள ஆய்வகத்தில் வைரஸின் மரபணுவைக் கண்டறியும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை மூலம் உறுதிசெய்துகொள்ளலாம்.

காரணம் தெரிந்தால் செய்யும் வேலையே மாறும். பள்ளி வராந்தாவில் பிள்ளை வாந்தியெடுத்த இடத்தைத் துடைத்த அதே துணியை, அதே வாளித் தண்ணீரில் முக்கி, அடுத்த வகுப்பறையையும் துடைப்பதை நாம் பார்க்கிறோம். நோரோவைரஸ் என்று உறுதியானால் லிட்டருக்கு ஒரு கிராமுக்குக் குறையாத குளோரின் கலந்த கரைசலால் அந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கைக்குச் சானிடைசர் போதாது, சோப்பும் ஓடும் தண்ணீரும் தேவை. சமையல்காரருக்கு நோய் நின்றாலும் 48 மணி நேரம் அடுப்படிக்கு வரக்கூடாது. வைரஸுக்குப் பயன்படாத ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பதும் குறையும், ஓ.ஆர்.எஸ். கரைசல் தடையின்றிக் கிடைப்பதில் கவனம் செல்லும்.

எனவே சபரிமலை சீசன் தொடங்கிக் கன்னியாகுமரியில் கூட்டம் பெருகுவதற்கு முன்பாக, எல்லா வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த அட்டைகளையும், மாதிரிக் குப்பிகளையும், மாதிரிகளைக் குளிர்நிலையில் ஆய்வகத்துக்குக் கொண்டுசேர்க்கும் பெட்டிகளையும் மாவட்ட சுகாதாரத் துறை இருப்பு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்.