பேருந்தில் வரும் நோயாளிக்கு வரைபடத்தில் இடம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் வட்டார மருத்துவமனையின் விரிவாக்கத் திட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் கடந்த வாரம் வந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். புதிய கட்டடம் எழும்பப் போவதில் எனக்கு மகிழ்ச்சியே. அதற்காகப் பல ஆண்டுகள் மனுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால், நோயாளிகளில் பெரும்பாலோர் சொந்த வாகனத்தில் வருவதால் முன்புறம் பல மாடிக் கார் நிறுத்துமிடம் அமையும் என்றும், வெளிநோயாளர் பிரிவும் இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) நிலையமும் பின்புறப் புதிய கட்டடத்துக்கு மாறும் என்றும் அச்செய்தியில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஊரைத் தாங்கள் அறிவீர்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை விட்டு வெளியேறியவர்கள் ஊர்க்கோடியில் மலிவுவிலை வீடுகளில் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால், அது விடிவதற்கு முன்பே மகனோடு வேலைக்குப் போய்விடும். வெளிநோயாளர் பிரிவில் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) தான். ஆனால் அங்கே போய்ச் சேர வாடகைக் காருக்கு 20 வெள்ளிக்குக் குறையாமல் கேட்கிறார்கள். ஆகவே, முழங்கால் வலிக்கும் மூதாட்டியும் கைக்குழந்தைக்காரியும் பேருந்துக்குத்தான் காத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் காரில் வருகிறார்கள் என்று கணக்கெடுத்தவர்கள் எந்த வாசலில், எத்தனை மணிக்கு நின்று எண்ணினார்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

என் துணைவியார் ஆறு ஆண்டுகள் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்டவர். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முடிந்து எழும்போது இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். அந்த நிலையில், ஊசி குத்திய கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை ஏறத்தாழ 400 மீட்டர் நடந்தாக வேண்டும். வழியில் கூரையும் இல்லை, உட்கார ஓர் இருக்கையும் இல்லை. மழை பிடித்துக்கொண்ட நாள்களில் அவரைச் சாலையோரக் கால்வாயின் சிமெண்டுத் திண்டில் உட்காரவைத்துக் குடை பிடித்தபடி நின்றிருக்கிறேன். ஒருநாள் அங்கேயே மயங்கிச் சாய்ந்தார். ஓடி வந்து தூக்கியவர் அவ்வழியே வந்த ஒரு லாரி ஓட்டுநர். நான் எழுதிய புகாருக்கு, இடப் பற்றாக்குறை காரணமாக இப்போது இயலாது என்றும், எதிர்கால விரிவாக்கத்தின்போது கவனிக்கப்படும் என்றும் பதில் வந்தது. துணைவியார் 2018இல் காலமானார். அந்த எதிர்கால விரிவாக்கம் இப்போது வந்திருக்கிறது. பேருந்தில் வருவோர் நடக்க வேண்டிய தூரமோ இன்னும் கூடியிருக்கிறது.

இது என் வீட்டுத் துயரம் மட்டும் என்று யாரும் கருத வேண்டாம். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இங்குள்ள இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. சிறுநீரகம் செயலிழப்பதற்கு இந்நாட்டில் முதன்மையான காரணம் நீரிழிவு. அப்படியிருக்க, எங்களைப் போன்ற ஊரில் சுத்திகரிப்பு நிலையத்தை, மற்றவற்றுக்கெல்லாம் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சும் மூலையில் வைப்பது எப்படிச் சரியாகும்? ஒருவருக்கு ஒரு முறை சுத்திகரிக்க ஏறத்தாழ 120 லிட்டர் தூய நீர் தேவை. இருபது படுக்கை என்றால் ஒரு சுற்றுக்கே 2,400 லிட்டர். குழாயில் நீர் வராத நாளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பியதை நான் நேரில் கண்டவன். புதிய கட்டடத்தில் அந்நிலையத்துக்கெனத் தனி நீர்த்தொட்டி உண்டா என்பதைப் பற்றிச் செய்தியில் ஒரு சொல்கூட இல்லை.

நான் கட்டடக் கலைஞன் அல்லன். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளனாக, 1971 தொடங்கி 32 ஆண்டுகள் பணியாற்றியவன். தோட்ட மக்கள் வாயில் நான் டிரசர். நான் வேலைக்குச் சேர்ந்த தோட்ட மருத்துவமனை ஒரு பலகைக் கட்டடம்தான். ஆனால் மேட்டில், சாலையை ஒட்டி, ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் அதைக் கட்டியிருந்தார்கள். இருபுறமும் சன்னல், சுற்றிலும் அகன்ற தாழ்வாரம். காசநோயாளிக்குக் காற்று வெளியேறும் பக்கத்துக் கடைசிப் படுக்கை. காற்றில் பரவும் நோய்களுக்கான அறை இயற்கைக் காற்றோட்டத்தை நம்பியிருந்தால், ஒரு நோயாளிக்கு நொடிக்கு 160 லிட்டர் காற்று வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பின்னாளில் வகுத்தது. அந்த எண்ணை அறியாமலேயே எங்கள் பலகைக் கட்டடத்தில் காற்று தாராளமாக வந்து போயிற்று. 1901இல் கிள்ளானில் மலேரியா பரவியபோது, மருத்துவர் மால்கம் வாட்சன் மருந்தோடு நிற்காமல் சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டி நீரை வடியச் செய்து நோயைக் குறைத்தார் என்று எங்களுக்குப் பாடம் சொன்னார்கள். நோயாளி எங்கே வாழ்கிறார், எந்த வழியாக வருகிறார் என்பதும் மருத்துவத்தைச் சேர்ந்ததே என்று நாங்கள் கற்றது அப்படித்தான். பிறகு தோட்டம் கைமாறியது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, மருத்துவமனையும் பூட்டப்பட்டது. அப்போதும் எங்களை யாரும் கேட்கவில்லை. பெரிய மருத்துவமனை இருக்கிறதே என்று மட்டும் சொன்னார்கள்.

அந்தப் பெரிய மருத்துவமனையில் முன்னர் நடந்த ஒரு சீரமைப்பையும் மறக்க முடியவில்லை. நோயாளிகள் படுத்திருந்த வார்டுக்கு அடுத்த சுவரை, ஒரு திரைகூடக் கட்டாமல் இடித்தார்கள். கட்டுமானத் தூசியோடு வரும் பூஞ்சை, நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவரின் நுரையீரலைத் தாக்கும். இதை வார்டில் இருந்த மிஸியிடம் (தாதியிடம்) சொன்னேன். தமக்கும் தெரியும், தாம் சொல்லியும் கேட்கவில்லை என்று அவர் கண்கலங்கினார். ஆபத்து தூசியால் மட்டுமன்று, தீயாலும் வரும். 2016 அக்டோபர் 25ஆம் நாள் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏற்பட்ட தீயில் ஆறு நோயாளிகள் மாண்டார்கள். நடக்க முடியாதவர்களைப் படுக்கையோடு அதே மாடியின் அடுத்த பகுதிக்குத் தள்ளிச் செல்லும் வழி, பழைய கட்டடத்தையும் புதியதையும் இணைக்கும் வேலை நடக்கும் மாதங்களிலும் திறந்திருக்க வேண்டும். வேலை நடக்கும் காலத்துக்கும் ஒரு வரைபடம் இருக்கிறதா?

நான் கேட்பது பெரிதன்று. பேருந்து நிறுத்தத்தை மருத்துவமனை வளாகத்துக்குள் கொண்டுவர வேண்டும். இயலாதெனில், நிறுத்தத்திலிருந்து சுத்திகரிப்பு நிலையம் வரை கூரையிட்ட நடைபாதையும், இடையிடையே கைப்பிடி வைத்த இருக்கைகளும் அமைக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தின் ஒரு மாடிக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். தங்கள் நிருபர் அடுத்த முறை திட்ட அதிகாரிகளைச் சந்திக்கும்போது, வரைபடத்தில் பேருந்து நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அவர்களுடைய பதிலைத் தங்கள் நாளிதழில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
பேராக்.