ஓவிய மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம். சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. மாணவர்களுக்கான கோடை வகுப்பும் உறுப்பினர் கண்காட்சியும் வழக்கம்போல் நடந்தேறின. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டு உரைகளுக்கு, ஊர் ஊராகப் போய்ப் பழங்குடி மக்களை வரைந்த ஓவியர்கள் பலரை எடுத்துக்கொள்வதாகத் திட்டம். ஆனால் அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் கேட்லின் ஒருவரே ஏறக்குறைய எல்லாக் கூட்டங்களையும் பிடித்துக்கொண்டார். அதில் எனக்கு வருத்தமில்லை.

1796இல் பென்சில்வேனியாவில் பிறந்த கேட்லின், வக்கீல் தொழிலை விட்டுவிட்டுத் தூரிகையைப் பிடித்தவர். 1832இல் ‘யெல்லோஸ்டோன்’ என்ற நீராவிப் படகில் மிசௌரி ஆற்றில் மேலேறிப் போய், மாண்டான் என்ற பழங்குடி மக்களோடு தங்கி, அவர்களின் தலைவர் மாட்டோ டோப்பேயை வரைந்தார். ஐந்தே ஆண்டுகளில் இன்னொரு படகு அதே ஆற்றில் பெரியம்மையைக் கொண்டு வந்தது. மாட்டோ டோப்பே அதில் இறந்தார். அந்த மக்களில் நூற்றுச் சொச்சம் பேரே மிஞ்சினார்கள்.

லக்கோட்டா என்ற பழங்குடியின் வீரர் ஒருவரைப் பக்கவாட்டில் வரைந்த கதைதான் கூட்டத்தை அசைத்தது. “உன்னைப் பாதி மனிதனாக அல்லவா வரைகிறான்” என்று வேறொருவர் கேலி செய்ய, சண்டை மூண்டு, துப்பாக்கிக் குண்டு படத்தில் இல்லாத அந்தப் பாதி முகத்தையே சிதைத்தது என்று கேட்லின் எழுதியிருக்கிறார். கதையைச் சற்று மெருகேற்றியிருப்பாரோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆளுக்கு வியாபாரமும் நன்றாகத் தெரியும்.

சூடான வாதமும் அதன்மேல்தான் நடந்தது. லண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களுக்கு முன்னால் ஒஜிப்வே, அயோவா பழங்குடி மக்களை ஆடவைத்துக் கட்டணம் வாங்கினார். வந்தவர்களில் சிலர் ஐரோப்பாவிலேயே நோயில் இறந்தார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் இதை மன்னிக்கவே முடியாது என்றார். நானும் அவர் பக்கம்தான். ஆனாலும் கேட்லின் தாம் வரைந்தவர்களின் பெயரையும் குடியையும் குறித்து வைத்தார். ‘இது இன்னாரின் முகமே’ என்று அரசு முகவர்களிடம் சான்றும் வாங்கினார். அதே காலத்தில் நம் பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக வரைந்த சாதி, தொழில் படங்களில் ‘குயவரும் மனைவியும்’ என்ற அளவோடு நின்றுவிடும், பெயர் இருக்காது.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கேட்லினின் ஓவியத் தொகுப்பை வாங்க மறுத்தது. 1852இல் கேட்லின் கடனில் மூழ்கினார். பிலடெல்பியாவின் ரயில் எஞ்சின் தொழிலதிபர் ஜோசப் ஹாரிசன் கடனைத் தீர்த்து, ஓவியங்களைத் தம் கொதிகலன் தொழிற்சாலையில் போட்டுவைத்தார். 1872இல் கேட்லின் இறந்தபோதும் அவை அங்கேதான் கிடந்தன. 1879இல் ஹாரிசன் குடும்பத்தார் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள்.

இந்த உரைகளின் விளைவாகச் செயற்குழு ஒரு தீர்மானம் கொண்டுவந்துள்ளது: வரும் ஆண்டுச் சந்தை முகாமில் யாரை வரைந்தாலும் அவர் சம்மதம் கேட்க வேண்டும், படத்தின் கீழ் அவர் விரும்பும் விதத்தில் பெயரும் ஊரும் எழுத வேண்டும், ஒரு நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும். நகல் செலவு பற்றிப் பொருளாளருக்கு ஆட்சேபணை உண்டு, அவரே சொல்வார். தீர்மானத்தை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன். சந்தா பாக்கி வைத்திருப்போர் கூட்டம் முடிந்ததும் செலுத்திவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்